இடது பக்கத்து ஸ்பீக்கர்

1

நாங்கள் புனேவுக்குக் குடிவந்து இந்த ஜூனோடு பதினெட்டு வருடம் முடிந்தது. வந்த அன்று மழை. இந்த வருடம் அதே நாளிலும் மழை. பாணேரில் எங்கள் ஆறாவது மாடி ஜன்னலில் குன்று தெரிய வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம்தான் இருந்தது. என் கணவர் சிவகுமார் ஹிஞ்சேவாடியில் இருக்கிற தன் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கீழே கம்பெனி வண்டி வருவதற்குள் ஷூ லேஸைக் கட்டியபடியே கேட்டார்.

"பதனெட்டு வருசம் ஆச்சு. உனக்கு ஏதாச்சும் வாங்கிக்க சுமதி. வளையல் கிளையல்னு என்ன வேணுமோ சொல்லு."

"வளையல் வேண்டாமுங்க. ஒரு ஜோடி ஸ்பீக்கர் வேணும்."

"அதான் ஹால்ல ஒண்ணு இருக்குதே?"

"அது டிவிக்குங்க. நான் கேக்கறது ஸ்டூடியோ மானிட்டர்."

அவருக்குப் புரியவில்லை. அதற்குள் வண்டி வந்துவிட்டது. "சரி, புள்ளையைக் கூட்டீட்டுப் போயி வாங்கிக்க" என்று சொல்லிவிட்டுக் குடையை மறந்து போனார்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜவுளிக்கடை விளக்கில் புடவையின் நிறம் ஒரு மாதிரி ஜொலிக்கும். வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பிடித்துப் பார்த்தால்தான் நிஜ நிறம் தெரியும். வீட்டில் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர்கள் கடை விளக்கு மாதிரி. மானிட்டர் ஸ்பீக்கர் வாசல் வெயில். பாட்டில் இருக்கிற குறையை மறைக்காமல் காட்டும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

நான் உடுமலைப்பேட்டைக்காரி. கல்லூரி இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தவள். கல்யாணமாகி இங்கே வந்து ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தேன். மகள் பிறந்ததும் விட்டுவிட்டேன். அவளுடைய பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டுக்கு இசை போட்டுக் கொடுத்ததில் ஆரம்பித்து, அதுவே என் தொழிலாகிவிட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பாடுகிறவர்கள் குரலை மட்டும் பதிந்து இணையத்தில் அனுப்புவார்கள். கோயில் பாட்டு, குழந்தைப் பாட்டு, சில நேரம் கல்யாண வீடியோவுக்கு ஒரு பாட்டு. நான் கணினியில் தபலா, புல்லாங்குழல், ஜால்ரா எல்லாம் சேர்த்து, எது எவ்வளவு சத்தம், எது எந்தப் பக்கம் என்று ஒழுங்குபடுத்தித் திருப்பி அனுப்புவேன். இத்தனை வருடமும் இதைப் படுக்கையறை மூலையில், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டுதான் செய்தேன்.

மே மாதம் திருப்பூர் ராஜி கூப்பிட்டாள். பல வருடமாக எனக்குப் பாட்டு அனுப்புகிறவள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. எடது பக்கம் ஜால்ரா காதக் குத்துதுங்க. எங்கூட்டுக்காரரும் அதையேதான் சொல்றாரு."

அந்தப் பாட்டை மறுபடி கேட்டேன். எனக்கு இரண்டு பக்கமும் சமமாகவே இருந்தது. கொஞ்ச நாளில் ஈரோட்டிலிருந்து இன்னொருவரும் இதையே சொன்னார். பழைய ஹெட்ஃபோன்மேல் பழியைப் போட்டேன். இனி ஸ்பீக்கரில்தான் வேலை என்று முடிவு செய்தது அப்படித்தான்.

2

எங்கள் மகள் மதுமிதாவுக்குப் பதினேழு வயது. புனேயிலேயே பிறந்தவள். மழைத்தண்ணீர் தேங்கிய தெருவில் செங்கல் செங்கலாகக் கால் வைத்துத் தாண்டுவதுபோல் தமிழ் பேசுவாள். ஒரு தெரிந்த சொல்லிலிருந்து அடுத்த தெரிந்த சொல்லுக்கு இந்தியிலோ மராத்தியிலோ கால் நனைத்துத்தான் போய்ச் சேர்வாள். தமிழ் எழுத்து படிக்க வராது. அவளுடைய சிநேகிதிகள் என்னை 'காக்கூ' என்று கூப்பிடுவார்கள். மராத்தியில் அத்தை, சித்தி மாதிரி மரியாதையான சொல். எனக்கோ முதல் ஒரு வருடம் யாரோ காக்காயை விரட்டுகிற மாதிரியே கேட்டது. ஊருக்குப் போகும்போதெல்லாம் என் தம்பி மனைவி, "புள்ளைக்குத் தமிழ் சொல்லித் தரலீங்களா?" என்பாள். நான் சிரித்து மழுப்பிவிட்டு, ரயிலில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வருவேன்.

புனேயின் கேம்ப் பகுதியில் ஸ்பீக்கர் விற்கிற ஒரு கடைக்கு ஒரு சனிக்கிழமை போனோம். கடைக்காரர் ஓம்கார் முப்பது வயது மராத்திக்காரர். பேச்செல்லாம் இந்தியில்தான். "சார் வரலையா மேடம்?" என்று முதலில் கேட்டார். வேலை செய்யப் போவது நான்தான் என்றதும், மன்னிப்புக் கேட்கிற மாதிரி டீ சொன்னார். பிறகு என் அறையைப் பற்றி விசாரித்தார்.

"சின்ன அறை. மேசை சுவரை ஒட்டி இருக்கும்" என்றேன்.

"அப்படின்னா பின்னால ஓட்டை வச்சது வேண்டாம் மேடம். காத்து சுவத்துல மோதி, இல்லாத தொம் தொம் பேஸ் சத்தம் எல்லாம் இருக்கற மாதிரி காட்டும். முன்னால ஓட்டை இருக்கறதைப் பாருங்க. பெரிசும் வேண்டாம்."

சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறையில் நாற்காலியில் உட்கார வைத்து, நான் கொண்டுபோன ராஜியின் பாட்டையே போட்டார். முதல் ஜோடியில் தபலா வயிற்றில் இடித்தது. வேண்டாம் என்றேன். இரண்டாவது ஜோடியில் குரல் அவ்வளவு பக்கத்தில் கேட்டது. ராஜி மூச்சை இழுத்துப் பாட ஆரம்பிப்பதுகூடத் தெரிந்தது. இதுதான் என்று மனதில் முடிவு செய்துகொண்டிருக்கும்போதே ஒன்று உறுத்தியது.

"இடது பக்கத்து ஸ்பீக்கர் மந்தமா இருக்குங்களே. பளிச்சுனு இல்லை."

"புது பீஸ் மேடம். காலையிலதான் பெட்டியைப் பிரிச்சேன்" என்றார் ஓம்கார். இருந்தாலும் முகம் கோணாமல் ஒயரை மாற்றினார். அப்போதும் இடது பக்கம்தான் மந்தம். ஸ்பீக்கர்களையே இடம் மாற்றி வைத்தார். அப்போதும் அப்படியே. அந்த ஜோடியை எடுத்துவிட்டு வேறு ஜோடி வைத்தார். அதிலும் இடது பக்கம் மந்தமாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. கடையில் எல்லாமே பழுது போல என்று நினைத்தேன்.

சுவரில் சாய்ந்து நின்ற மது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ திரும்பி உக்காரு."

"எதுக்கு?"

"உல்டா உக்காரு அம்மா. ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி."

நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பாட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். ஓம்கார் மறுபடி போட்டார்.

இப்போது மந்தமாக இருந்தது மற்ற ஸ்பீக்கர். இத்தனை நேரம் பளிச்சென்று கேட்டுக்கொண்டிருந்த வலது பக்கத்து ஸ்பீக்கர்.

ஓம்கார் சுற்ற வேண்டிய அவசியமே இல்லாத ஒரு ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். மது என் பக்கத்தில் வந்து குனிந்து, வலது காதருகே இரண்டு விரலை உரசினாள். சருகு மாதிரி சரசரவென்று கேட்டது. இடது காதருகே கொண்டுபோய் உரசினாள். விரல்கள் அசைவது கண்ணோரம் தெரிந்தது. சத்தம் இல்லை.

"கேக்குதா?" என்றாள்.

தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று.

ஸ்பீக்கர் வாங்காமல் ஆட்டோவில் திரும்பினோம். மது எப்போதும் எனக்கு இடது பக்கம் ஏறி உட்காருகிறவள். அன்றைக்குச் சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

3

அன்று சாயங்காலம் சிவகுமாரிடம் சொன்னபோது அவர் பயந்துபோய் என் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே எதையாவது கண்டுபிடித்துவிடுவார் போலிருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நான் கூப்புட்டா நீ சில நேரம் திரும்பாம இருப்பியே, அது இதுனாலதானா? நீ கோவமா இருக்கறேன்னு நெனச்சேன்."

"எந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டீங்க?"

"எடது பக்கம்தான்னு வெச்சுக்கோயேன்."

"கோவமாவும் இருந்திருப்பனுங்க" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆஸ்பத்திரியில் முதல் அரை நாள் காதுக்கு இல்லை, பெயருக்கே போனது. இது இங்கே வந்த எல்லாத் தமிழர்களுக்கும் தெரிந்த கதைதான். பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டம். நமக்கு இருப்பதோ ஒரு பெயரும் ஒரு தலைப்பெழுத்தும். ஆதாரில் தலைப்பெழுத்து பின்னால் இருக்கிறது, கம்பெனி காப்பீட்டு அட்டையில் கணவர் பெயர் சேர்ந்திருக்கிறது. கவுன்ட்டரில் இருந்த பெண் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்றாள். கடைசியில் மூன்று கட்டத்தையும் நிரப்பி என் கையில் அட்டையைக் கொடுத்தபோது நான் சுமதி சிவகுமார் சிவகுமார் ஆகியிருந்தேன். சிவகுமாருக்கு அதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

4

காது சோதிக்கிற பெண்ணின் பெயர் பிராச்சி. மராத்திக்காரி, பொறுமைசாலி. கண்ணாடி வைத்த ஒரு சின்னக் கூண்டுக்குள் என்னை உட்கார வைத்து ஹெட்ஃபோனை மாட்டினாள். முதலில் 'கீ' என்று மெல்லிய சத்தங்கள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதில் அடுத்தடுத்து அழுத்தினேன். இடது காதில் நெடுநேரம் அழுத்துவதற்கு எதுவுமே வரவில்லை. அது எதிர்பார்த்ததுதான்.

அடுத்தது சொல் சோதனை. அவள் காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்வாள். நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொற்கள் எல்லாம் மராத்தி. பதினெட்டு வருடத்தில் காய்கறிக்கடை, ரிக்‌ஷா, குழாய் ரிப்பேர் என்று வேண்டிய அளவு மராத்தி எனக்கு வந்திருந்தது. சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

வீடு என்பதற்கு மராத்தியில் ஒரு சொல். அவள் சொன்னாள், "கர்." நானும் "கர்" என்றேன். அவள் தவறு என்று குறித்தாள்; நான் சொன்னது அவர்களுக்குக் கை என்று ஆகிவிடுமாம். அவள் சொன்னதையும் நான் சொன்னதையும் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், சிக்கலே அதுதான். அவர்களுடைய 'க' நான்கு வகை. வயிற்றிலிருந்து ஒன்று, தொண்டையிலிருந்து ஒன்று. நமக்கு இருப்பது ஒரே 'க'. சோறு என்று அவள் சொன்னதை நான் திருப்பிச் சொன்னபோது பேச்சு என்று ஆகிப்போனது. பழம் என்று சொன்னதும் வேறு என்னவோ ஆயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிராச்சியின் பேனா அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் வாடிக்கொண்டே போனது அவளுக்கு. கடைசியில் ஹெட்ஃபோனில் அவள் குரல் வந்தது.

"வலது காதிலும் சொற்கள் சரியாக விழவில்லையே, மேடம்."

ஒரு காது போனால் இன்னொன்றை வைத்துச் சமாளிக்கலாம் என்று அதுவரை எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. இரண்டும் போனால் நான் யார்? ராஜியின் குரல், என் கீபோர்டு, சிவகுமார் வாசலில் நின்று கூப்பிடுவது. ஒவ்வொன்றாக மனதில் வந்து போயிற்று.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மது எழுந்து வந்து பிராச்சியிடம் கைகளை ஆட்டி ஆட்டி ஏதோ பேசுவது தெரிந்தது. மராத்தியில் அவளுக்கு அவ்வளவு வேகம் உண்டென்று அன்றுதான் பார்த்தேன். பிறகு அவள் சொல்லித்தான் தெரிந்தது. "அம்மாவுக்கு நல்லாக் கேக்குது. சொல்லத்தான் வராது. எங்க வீட்டுல எல்லாருக்கும் வீடும் கையும் ஒண்ணுதான்" என்றாளாம்.

பிராச்சியிடம் தமிழ்ச் சொற்கள் இல்லை. "இது ரிப்போர்ட்டில் வராது, என் திருப்திக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மைக்கை மதுவிடம் தள்ளினாள்.

மது காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டாள். வலது காதில் அவள் குரல் வந்தது. ரொம்ப மெதுவாக, யோசித்து யோசித்து.

"தோசை."

"தோசை."

"சாவி."

"சாவி."

"துணி... கரண்டி... கதவு..."

எல்லாம் சொன்னேன். அவளுக்குச் சொற்கள் தீர்ந்துபோய்விடுமோ என்று நான் பயந்தேன். தீரவில்லை. கொடி, எறும்பு, தலகாணி, சில்லறை, முருங்கக்கா, தூக்கம் என்று வந்துகொண்டே இருந்தது. பல்லி என்றபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. 'ஒட்டுக்கா' என்று ஒன்று சொன்னாள். எங்கள் பக்கத்தில் 'சேர்ந்து' என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். அதை நான் அவளுக்கு எப்போது சொல்லிக் கொடுத்தேன்?

"பளம்" என்றாள்.

"பழம்" என்றேன்.

பிராச்சி பேனாவை எடுத்து, தவறு என்று தலையை ஆட்டினாள். இரண்டு ஒலியும் வேறு என்று அவள் காதுக்குத் தெரிந்திருக்கிறது. மது அவசரமாக அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நஹி நஹி, அம்மா சொன்னதுதான் சரி. நான் சொன்னதுதான் தப்பு!"

பிராச்சி வாய்விட்டுச் சிரித்தாள். வலது காது நன்றாக இருக்கிறது என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். கூண்டுக்குள் இருந்த எனக்கு அவர்கள் சிரிப்பு கேட்கவில்லை, அதற்குள் மைக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

5

இடது காதில் மேல் ஸ்தாயி ஒலிகள் போய்விட்டன. இடது பக்கத்து ஜால்ராவை நான் தெரியாமலே ஏற்றிக்கொண்டே போனது அதனால்தான். எப்போதோ வந்த காய்ச்சலில் நரம்பு பாதித்திருக்கலாம் என்றார் டாக்டர்; உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். தலைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. போனது திரும்பாது, இருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பேச்சுக்கு வேண்டுமானால் ஒரு கருவி மாட்டிக்கொள்ளலாம். அது இன்னும் யோசனையில் இருக்கிறது.

கீபோர்டைத் துணி போட்டு மூடிவிட்டேன். துக்கம் என்று சொல்ல முடியாது. சமையலும் வீடும் எப்போதும் போல நடந்தன. மேசைப் பக்கம் போகும்போது மட்டும் கால் சற்று வேகமாக நடந்தது. ராஜிக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, வேறு யாரையாவது பார்த்துக்கொள் என்றேன்.

"அய்யோ, ஏனுங்க்கா இப்புடி ஆச்சு" என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள். மருந்து, டாக்டர் என்று எல்லாம் கேட்டாள். கடைசியில், "வேற ஆளுக்கு நான் எங்கீங்க்கா போவேன்? நம்ம பாட்டுல ஜால்ராவை மட்டும் கொஞ்சம் கொறச்சுக் குடுத்துருங்க. ஆடி வெள்ளிக்கு வேணுமுங்க" என்றாள்.

போனை வைத்ததும் மது கேட்டாள், "ஸ்பீக்கர் எப்ப வாங்கறோம்?"

"ஒரு காதுக்கு எதுக்கு கண்ணு ரெண்டு ஸ்பீக்கர்?"

"அரே அம்மா, ஒரு காதுக்குத்தான் ஸ்பீக்கர் வேணும். ஹெட்ஃபோன்ல லெஃப்ட் சத்தம் லெஃப்ட் காதுக்கு மட்டும் போகுது. உனக்கு அது கேக்காது. ஸ்பீக்கர்ல ரெண்டு சத்தமும் ரெண்டு காதுக்கும் வரும்ல? அப்பறம் நானும் கேப்பேன். ஜாஸ்தியா இருந்தா சொல்றேன்."

இதை நான் யோசிக்கவே இல்லை. மறுபடி கேம்ப்புக்குப் போனோம். ஓம்கார் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, நலமா என்று கேட்டுவிட்டு, அதற்குமேல் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த இரண்டாவது ஜோடியையே எடுத்து வைத்தார். மது சொன்னது சரிதான் என்றார். கணினியில் இடதையும் வலதையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட ஒரு பொத்தான் உண்டு, அதை அடிக்கடி அழுத்திக் கேளுங்கள், அளவு காட்டுகிற கோடுகளையும் பாருங்கள், கண்ணும் ஒரு காதுதான் என்றார். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். இடது பக்கம் இப்போதும் மந்தம்தான். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. ராஜி மூச்சை இழுத்துப் பாட ஆரம்பித்தாள்.

"இதையே கட்டிக் குடுங்க" என்றேன்.

அடுத்த வருடம் மது படிப்புக்கு வேறு ஊர் போய்விடுவாள். திரும்பி வரும் வழியில் அதை நினைத்துக்கொண்டு, "நீ போனதுக்கப்பறம் யாரு எனக்குச் சொல்லுவா?" என்றேன்.

"பட்டன் இருக்குல்ல. அதுலயும் டவுட்னா எனக்கு அனுப்பு. ஹாஸ்டல்ல உக்காந்து கேக்கறேன்" என்றாள், வெகு சாதாரணமாக.

6

ஸ்பீக்கர்களை வைப்பதற்கே ஒரு மாலை ஆயிற்று. இரண்டு ஸ்பீக்கரும் உட்காருகிற ஆளும் சம தூரத்தில் முக்கோணமாக இருக்க வேண்டும். மது தையல் டேப்பை வைத்து அளந்தாள். அடியில் ரப்பர் பஞ்சு வைத்து, காது மட்டத்துக்குக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தோம். பிறகு நான் நாற்காலியிலும் அவள் கட்டில் ஓரத்திலும் உட்கார்ந்துகொண்டு ராஜியின் ஆடி வெள்ளிப் பாட்டில் இறங்கினோம்.

"ஜால்ரா?"

"ஜாஸ்தி."

"இப்போ?"

"இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணு. போதும், போதும். புல்லாங்குழல் ஏன் அழுகற மாதிரி இருக்கு?"

"அது அப்படித்தான் இருக்கோணும்."

"சரி, அதுல நான் பேசல."

இருட்டுவதற்கு முன்பே சிவகுமார் வந்துவிட்டார். அதிசயமாக அன்று வழியில் நெரிசல் இல்லையாம். பை தோளில் தொங்க, நனைந்த தலையோடு அறை வாசலில் வந்து நின்றார். நாங்கள் கவனிக்கவில்லை. பாட்டு முடிந்ததும்தான் அவர் குரல் வந்தது.

"இது யாரு போட்டது?"

"நான்தானுங்க. ராஜி பாட்டு."

"பாடினது ராஜி. அது தெரியுது. மத்ததெல்லாம்? அந்தக் குழலு, தபலா?"

"எல்லாம் நான் போட்டதுதான்."

அவர் பையை இறக்கி வைக்காமல் அப்படியே நின்றார். எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. இத்தனை வருடம் இதே அறையில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். ஒரு நாளும் இவர் கேட்டதில்லை. கேட்க வழியே இல்லை. எல்லாம் என் ஹெட்ஃபோனுக்குள் நடந்தது. இவர் பார்த்ததெல்லாம் காதை மூடிக்கொண்டு கணினியைப் பார்த்துத் தலையாட்டுகிற ஒரு மனைவியைத்தான்.

"இன்னொருக்கா போடு" என்றார். "எங்க உக்காந்தா நல்லாக் கேக்கும்?"

"நடுவுல இருக்கற சேர் மட்டும்தான்ப்பா கரெக்ட் இடம்" என்றாள் மது. "ஒருத்தருக்குத்தான் இடம்."

நான் எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் உட்காருகிற மாதிரி விறைப்பாக உட்கார்ந்தார். மது அவர் தோள்களைப் பிடித்துச் சற்றுப் பின்னால் சாய்த்துவிட்டு, அவள் பங்குக்கு நாற்காலியின் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் பாட்டைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் அழுத்திவிட்டு, அலமாரியில் சாய்ந்து நின்றேன், வலது காது பாட்டின் பக்கம் இருக்கும்படி.

குழல் வந்த இடத்தில் சிவகுமார் கண்ணை மூடிக்கொண்டார். மது அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு எல்லாம் கேட்டது.